ஆய்வு மாநாட்டு ‘போஸ்டர்’: தமிழில் எந்தச் சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

தகவலியல் மாநாட்டுக் கலைச்சொல் பட்டியலில் ‘போஸ்டர்’ (ஓர் ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டுவது) என்பதற்கு நேரே இன்னும் மூன்று சொற்கள் நிற்கின்றன: சுவரொட்டி, பதாகை, காட்சியுரை. இது முடிவாகாமல் போஸ்டர் அமர்வு, போஸ்டர் பலகை, மின்போஸ்டர் எதற்கும் பெயர் வைக்க முடியாது.

நான் காட்சியுரையை முன்மொழிகிறேன். ஏ0 தாளை (841 × 1189 மி.மீ.) ஒட்டிவிட்டுப் போவதோடு வேலை முடிவதில்லை. ஆய்வர் அமர்வு முழுக்க அதன் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்ல வேண்டும். கட்டுரையை அப்படியே சுருக்கி ஒட்டினால் யாரும் நின்று படிப்பதில்லை. 2019இல் உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன் முன்வைத்த வடிவமைப்பில் ஆய்வின் முடிவு நடுவில் ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் இருக்கும், விவரங்கள் ஓரங்களுக்குப் போய்விடும். மீதியை ஆய்வர் வாயால் சொல்வார் என்பதே அதன் அடிப்படை. சுவரொட்டி தனியாகப் பேசும், இது ஆள் பேசத் துணை நிற்பது. பெயரில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

-----

> சுவரொட்டி தனியாகப் பேசும், இது ஆள் பேசத் துணை நிற்பது.

ஐயா, அமர்வு நடக்கும்வரை இது முழுக்கச் சரி. அமர்வு முடிந்ததும் கோப்பு எண்ணிமக் களஞ்சியத்துக்குப் போகிறது, அங்கே பக்கத்தில் ஆள் இல்லை. செனோடோ என்னும் ஆய்வுக் களஞ்சியத் தளத்தில் போஸ்டரும் பிரசன்டேஷனும் தனித்தனி வகைகள். களஞ்சியங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான சி.ஓ.ஏ.ஆர். வெளியிட்ட வகைச்சொல் தொகுப்பிலும் மாநாட்டுக் கட்டுரை, மாநாட்டு போஸ்டர், மாநாட்டு பிரசன்டேஷன் மூன்றும் வேறு வேறு. காட்சியுரை என்றால் வில்லைகளை (ஸ்லைடுகளை) ஓட்டிப் பேசுவது என்றுதான் பலரும் புரிந்துகொள்வார்கள். பட்டியலிடுபவர் இரண்டையும் ஒரே வகையில் போட்டுவிடுவார். கலைச்சொல் தொகுப்புகளைக் கணினிக்கு ஏற்ப எழுதும் ஸ்கோஸ் முறையில் ஒரு கருத்துக்கு ஒரு மொழியில் ஒரே முதன்மைப் பெயர்தான் இருக்கலாம், மற்றவை மாற்றுப் பெயர்களாக நிற்கும். ஆகவே முதன்மைப் பெயர் குழப்பமில்லாததாக இருக்க வேண்டும்.

மற்ற சொற்களையும், பட்டியலில் இல்லாத தட்டி, பலகை, காட்சித்தாள் ஆகியவற்றையும் இதே கண்ணால் பார்த்தேன். சுவரொட்டி என்று தேடினால் திரைப்படமும் தேர்தலும் வந்து குவியும். தட்டி நல்ல பழக்கச் சொல்தான், ஆனால் ‘கதவைத் தட்டி’ என்ற வினையெச்சமும் அதே எழுத்துகள். முழுப்பாடத் தேடலில் பிரித்தறிய வழியில்லை. பலகை நமக்கு வேறிடத்தில் வேண்டும்: போஸ்டரைக் குத்தி வைக்கும் நிலைப்பலகைக்கு எண் உண்டு, நிகழ்ச்சி நிரலில் ‘பலகை எண் 14’ என்றுதான் போடுவோம். காட்சித்தாள் என்றால் துணியில் அச்சிட்டது வெளியே நிற்கும்.

மிஞ்சுவது பதாகை. துணிக்கும் தாளுக்கும் பொருந்தும்; அமர்வு, பலகை, மின் எதனோடும் எளிதில் சேரும். ‘ஆய்வு’ முன்னே வந்தால் வணிகப் பதாகையிலிருந்தும் இணைய விளம்பரப் பதாகையிலிருந்தும் பிரிந்துவிடும். ஆய்வுப்பதாகை என்று சேர்த்தே எழுத வேண்டும் என்பதையும் பட்டியலில் குறிக்க வேண்டும். பிரித்தெழுதினால் தேடுபொறி அதை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

-----

ஆய்வுப்பதாகைக்கு என் ஆதரவும். வடசொல் என்று தயங்குபவர்களுக்கு: ‘போஸ்டர்’ என்றே பேசிக்கொண்டிருப்பதைவிட, தமிழில் நெடுங்காலம் புழங்கிய சொல் மேல்.

தேடல் பற்றிப் பேசியதால் ஒன்றைச் சேர்க்கிறேன், தமிழ்ப் பதாகைகளில் மிகுதியாகக் கெடுவது இதுதான். அச்சகத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து சிதையும் என்று அஞ்சி, எல்லா எழுத்தையும் கோட்டுருவமாக (வெறும் வரைவடிவமாக) மாற்றி பி.டி.எஃப். செய்கிறார்கள். அச்சுக்கு அது நல்லது. அதே கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றினால் உள்ளே தேடவோ படியெடுக்கவோ திரைபடிப்பான் வாசிக்கவோ ஓர் எழுத்தும் இராது. ஆகவே இரண்டு கோப்புகள் வேண்டும்: அச்சுக்குக் கோட்டுருவம், களஞ்சியத்துக்கு எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே உட்பொதித்தது. இரண்டாவதிலும் படியெடுத்த தமிழ் சில வேளை குலைந்து வரும் என்பதால், தலைப்பும் ஆய்வுச்சுருக்கமும் மீத்தரவில் (கோப்பைப் பற்றிய விவரப் பதிவில்) ஒருங்குறியில் (யூனிகோடில்) தனியே இருக்க வேண்டும்.

வரைபடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வசதியில்லாத வரைபட நிரல்கள் ‘கெ’யில் கொம்பை எழுத்துக்குப் பின்னே போட்டுவிடும், ‘கொ’ உடைந்து நிற்கும். வரைபடத்தின் x, y அச்சுகளின் பெயர்களை எழுத்தாகவே விட்டு எஸ்.வி.ஜி. படக்கோப்பாக ஏற்றுமதி செய்து, இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் திறந்தால் சரியாக வரும்.

உடல் எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போனால் ஒரு மீட்டர் தள்ளி நின்று படிப்பது கடினம், 28 வைத்தால் நிம்மதி. மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் மோதாமலிருக்க வரி இடைவெளி 1.3 மடங்காவது வேண்டும். இருபுறமும் நேராக்க வேண்டாம்: நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் இடையிடையே பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக்கினால் போதும்.

-----

ஏற்கிறேன். களஞ்சியம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. பேசும் பகுதி காணாமல் போகக் கூடாது என்பதால், அந்தச் செயலுக்குப் பதாகை விளக்கம் என்று தனிப் பதிவு கேட்கிறேன். பதிவுகள் இப்படி:

ஆய்வுப்பதாகை: ஓர் ஆய்வின் சிக்கல், முறை, முடிவு ஆகியவற்றை ஒரே பரப்பில் காட்டி, மாநாட்டில் ஆய்வர் அருகிருந்து விளக்கும் ஆவணம். மாற்றுப் பெயர்: ஆய்வுச் சுவரொட்டி. காட்சியுரை இங்கே வேண்டாம், பிரசன்டேஷன் பதிவுக்கு விட்டுவிடலாம்.

பதாகை அமர்வு, பதாகைப் பலகை, பதாகை விளக்கம்: மேற்சொன்ன பொருளில்.

மின்பதாகையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். கிடைமட்டத் திரையில் காட்டும் ஒற்றைப் பக்கத்தையும், தொட்டால் பல பக்கம் விரியும் வடிவத்தையும் ஒரே சொல்லால் குறிக்கலாமா என்று தெளிவாக வேண்டும். இரண்டையும் கையாள்பவர்கள் எழுதுங்கள்.