விரல் நுனிக் கட்டி: யாருக்காவது அனுபவம் உண்டா?

சித்தப்பாவுக்கு 54 வயசு, தையல்காரர். வலது ஆள்காட்டி விரல் நுனியில ரெண்டு வருஷமா சின்னக் கட்டி. வலி இல்ல, அதனால யாரும் கண்டுக்கல. நீர்க்கட்டின்னு எடுத்தாங்க, பயாப்ஸியில 'டிஜிட்டல் பாப்பிலரி அடினோகார்சினோமா'. வியர்வைச் சுரப்பியில வர்ற அபூர்வப் புற்றுநோய். (டிஜிட்டல்னதும் செல்போனால வந்துச்சான்னு கேட்டார் மனுஷன். விரலைத்தான் அப்படிச் சொல்றாங்க.)

நுரையீரலுக்குப் பரவக்கூடியதாம், நெஞ்சு சி.டி.யில இப்போதைக்கு ஒண்ணுமில்ல. ஒரு டாக்டர் சுத்தி அகலமா வெட்டி எடுத்தாப் போதும்ங்கிறார், இன்னொருத்தர் மேல் கணுவோட விரலையே எடுக்கணும்ங்கிறார். கத்திரி பிடிக்கிற கை அது.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்லயோ வேலூர் சி.எம்.சி.யிலயோ பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வச்சது) மட்டும் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்ல முடியுமா? அக்குள்ல சென்டினல் நோட் பயாப்ஸி (புற்றுநோய் பரவினா முதல்ல போய்ச் சேர்ற நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கிறது) செஞ்சவங்க இருக்கீங்களா? நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.