நீர்த்துருத்தி: டயாப்ரம் பம்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ரப்பர் சவ்வு ஆடித் தண்ணீரைத் தள்ளும் டயாப்ரம் பம்புக்குத் தமிழ்ச் சொல்லாக, போன மடலில் ஒருவர் ‘உதரவிதான எக்கி’ என்று எழுதியிருந்தார். உதரவிதானம் என்றால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை, எக்கி என்றால் பம்பு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

புதுச்சேரியில் இருக்கும் என் மச்சான் பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிறார். அதில் இருந்தது தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சின்ன பம்பு. குழாயைத் திறந்தால் அதற்குள் இருக்கும் குட்டி சுவிட்ச் பம்பை ஓட்டும். அது போனதும், கடையில் ‘12 வோல்ட் தண்ணீர் பம்பு’ என்று கேட்டிருக்கிறார், கொடுத்தது டயாப்ரம் பம்பு. பழைய ஒயரிலேயே மாட்டினார். இரண்டு நாளில் குழாய் சுவிட்ச் கருகிவிட்டது.

புது பம்பு 7 ஆம்பியர் இழுக்கிறது, குழாய்க்குள் இருக்கும் அந்தச் சின்னத் தொடுமுனை அதைத் தாங்காது. அதோடு, இந்த பம்புக்குக் குழாய் சுவிட்சே தேவையில்லை. தலையிலேயே பிரஷர் சுவிட்ச் இருக்கிறது, குழாயை மூடினால் அழுத்தம் ஏறித் தானே நிற்கும், திறந்தால் தானே ஓடும். இரண்டு வகை பம்புக்கும் வெவ்வேறு பெயர் புழக்கத்தில் இருந்திருந்தால் மச்சான் அந்த ஒயரில் மாட்டியிருக்கவே மாட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் வைத்தே ஒயரை மாற்றினோம். பழையது 1 சதுர மில்லிமீட்டர், பேட்டரியிலிருந்து பம்புக்குப் போக 4 மீட்டர், வர 4 மீட்டர். பம்பு ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடுகிறது. 2.5 போட்டதும் 0.4 வோல்ட்டுக்கு வந்தது, பம்பின் சத்தமே மாறிவிட்டது. ஃபியூசைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒட்டினாற்போல் வைத்தோம், ஏனென்றால் ஃபியூஸ் காப்பது முதலில் ஒயரை. நடுவில் எங்கே ஒயர் உரசினாலும் அது தீப்பிடிக்கக் கூடாது. அங்கிருந்து ஒரு மெயின் சுவிட்ச், அப்புறம் பம்பின் சிவப்பு ஒயர். கறுப்பு ஒயரைப் பாடியில் எர்த் செய்யாமல் பேட்டரியின் நெகட்டிவுக்கே தனி ஒயராகக் கொண்டுபோனோம். நம் கடற்காற்றில் பாடியில் முறுக்கிய போல்ட் எத்தனை நாள் துருப்பிடிக்காமல் இருக்கும்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். மாட்டுவதற்கு முன் பம்பின் தலையைக் கழற்றிப் பார்த்தோம். சாய்ந்து ஆடும் ஒரு தட்டு, அதன் மேல் கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த ரப்பர், அவற்றுக்கு எதிரே சின்னச் சின்ன வால்வுகள். தட்டு ஆட ஆட, குழி விரிந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, சுருங்கித் தள்ளுகிறது. எட்டிப் பார்த்த என் அப்பா, “இது கொல்லன் துருத்திதானே” என்றார். அவ்வளவுதான். கிடைத்துவிட்டது!

நீர்த்துருத்தி. வேலை செய்யும் விதம் பெயரிலேயே இருக்கிறது. பழைய தமிழிலும் துருத்தி காற்றுக்கு மட்டுமான சொல் அல்ல. தோல் தண்ணீர்ப் பைக்கும் நீரைப் பீச்சும் கருவிக்கும் அது பெயர். ஆற்றிடைத் திட்டுக்கும் துருத்தி என்றுதான் பெயர், திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்ததுதானே என்று யாராவது கேட்கலாம். ‘நீர்’ முன்னால் நிற்கும்போது வேன் வேலை செய்கிறவருக்கு அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

எக்கியை நான் வெறுக்கவில்லை. வயிற்றை எக்குவது என்று சொல்கிறோமே, அந்த அசைவுதான் இங்கேயும். ஆனால் பாடநூல்கள் எக்கியை எல்லா பம்புக்கும் கொடுத்துவிட்டன, அது பொதுப்பெயராகவே இருக்கட்டும். உதரவிதானம் மருத்துவருக்குப் போகட்டும், மெக்கானிக் வாயில் அது நுழையாது. மூழ்கி ஓடும் வகைக்கு விவசாயிகள் ஏற்கெனவே ‘நீர்மூழ்கி மோட்டார்’ என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பிரஷர் சுவிட்சுக்கு ‘அழுத்த ஆளி’ வேண்டாம் என்பது என் கருத்து. சுவிட்சுக்கு ஆளி என்பது இலங்கைப் பாடநூல்களில் நன்றாக நிலைத்த சொல், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடலோரத்தில் ஆளி என்றால் சிப்பி. ‘அழுத்தச் சுவிட்ச்’ போதும்.

பட்டறைத் துருத்தியில் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாத அந்த மூடிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் எழுதுங்கள், வால்வுக்கு அதையே வைத்துவிடலாம்.