கோட்டையாக்கப்பட்ட மண்டலத்தைக் கைப்பற்றுவது எப்படி? (ஸ்டெல்லாரிஸ்)

பாசிர் ரிஸ் இளவேனில்:
அனைவருக்கும் வணக்கம். தேசிய சேவைக் காலத்தில் பழகிய நண்பர்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் சேர்ந்து ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிப் பேரரசு உத்தி விளையாட்டைக் கணினியில் ஆடி வருகிறோம். என் எல்லையை அடுத்த அரசை ஆளும் நண்பர், என் பக்கத்திலிருந்து அவர் நாட்டுக்குள் செல்லும் ஒரே ஹைப்பர்லேனில் (விண்மீன்களை இணைக்கும் பாதை) உள்ள விண்மீன் மண்டலத்தை முழுக் கோட்டையாக மாற்றிவிட்டார். அங்கே சிட்டடல் என்ற உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்ட ஸ்டார்பேஸும் (விண்வெளி நிலையம்), அதைச் சூழ்ந்து பாதுகாப்புத் தளங்களும், கோட்டைக் கட்டடங்கள் நிறைந்த ஒரு கோளும் இருக்கின்றன. அவருடைய முதன்மைப் படையும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. என் படை அவருடையதைவிடச் சற்றே பெரியது. நேரே மோதலாமா, வேறு வழி உண்டா?

தெலுக் பிளாங்கா மாறன்:
வணக்கம் தம்பி. ஸ்டார்பேஸின் பலத்தையும் படையின் பலத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். சிட்டடல் தனியாக நின்றால், அதைவிடத் தெளிவாகப் பெரிய படை காலப்போக்கில் அதை வீழ்த்திவிடும். ஏனெனில் அது நகராது, எப்போது, எந்த ஆயுதங்களோடு வருவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சிட்டடலின் பீரங்கிகளுக்குக் கீழே எதிரியின் படையும் நிற்கும்போதுதான் சற்றே பெரிய படை போதாமல் போகிறது. ஆகவே அவ்விரண்டையும் பிரிப்பதே முதல் வேலை.

2018-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு ஹைப்பர்லேன் இல்லாமலே வார்ப், வார்ம்ஹோல் என்ற வழிகளிலும் பயணம் செய்ய முடிந்தது. அதன் பிறகு ஹைப்பர்லேன்களே அடிப்படை வழியாகிவிட்டதால்தான் இத்தகைய கழுத்துப் பகுதிகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது. எஃப்டிஎல் தடுப்பான் (ஒளியைவிட வேகமான பயணத்தை மறிக்கும் கருவி) உள்ள மண்டலத்துக்குள் நுழைந்த படை, வந்த வழியே திரும்பலாமே தவிர, மறுபக்கம் கடந்து செல்ல முடியாது. கோட்டைக் கட்டடம் உள்ள கோளுக்கும் இந்தத் தடுப்பான் உண்டு என்பதால், ஸ்டார்பேஸ் விழுந்த பிறகும் கோளைப் பிடிக்கும்வரை பாதை திறக்காது. பாதையின்றித் தாவ உதவும் ஜம்ப் டிரைவ் இருந்தால் கோட்டையைத் தாண்டி அதன் பின்னால் உள்ள மண்டலத்துக்குத் தாவலாம். ஆனால் தாவி முடித்த படையின் வேகமும் தாக்கும் திறனும் சில காலம் குறைந்தே இருக்கும் என்பதால், காவல் குறைந்த இடத்துக்கே தாவுங்கள், ஒருபோதும் கோட்டைக்குள் தாவாதீர்கள்.

அந்த மண்டலத்தின் நடுவில் இருப்பது எவ்வகை விண்மீன் என்று சொல்ல முடியுமா?

பாசிர் ரிஸ் இளவேனில்:
பல்சர், அண்ணா. அதில் என்ன வேறுபாடு?

தெலுக் பிளாங்கா மாறன்:
மிகப் பெரிய வேறுபாடு. பல்சர் உள்ள மண்டலத்தில் இரு தரப்புக்கும் ஷீல்டு (ஆற்றல் கேடயம்) வேலை செய்யாது. ஷீல்டுகளைக் கழற்றிவிட்டு முழுவதும் ஆர்மர் (கவசத் தகடு) பொருத்திய கப்பல்களோடு செல்லுங்கள். பொதுவாக ஷீல்டை உடைக்கக் கைனெட்டிக் (குண்டு எய்யும்) ஆயுதங்களும், ஆர்மரை உடைக்க லேசர் வகைகளும் தேவைப்படும். இங்கே முதற்பணியே இல்லாததால் லேசர், பிளாஸ்மா ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம். எதிரியின் தளங்கள் ஷீல்டை நம்பிக் கட்டப்பட்டிருந்தால் அவற்றின் உண்மையான பலம் திரையில் காட்டப்படும் எண்ணைவிடக் குறைவு. நண்பரும் இதை அறிந்து ஆர்மரையே அடுக்கியிருக்கக்கூடும் என்பதால், உளவுத் தகவலைப் போதிய அளவு உயர்த்தி, அவர் தளங்களில் என்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே கப்பல்களை வடிவமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் படை எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது வீண்.

சரிம்பூன் வாசகி:
படையையும் கோட்டையையும் பிரிப்பது பற்றி மாறன் சொன்னதை மேலும் விரிக்க விரும்புகிறேன். நம் சிங்கப்பூர்த் தீவிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1942 பிப்ரவரி 7 இரவு ஜப்பானியர் புலாவ் உபினில் ஒரு போலித் தாக்குதலை நடத்தி, தாங்கள் வடகிழக்கில்தான் இறங்கப்போகிறோம் என்ற எண்ணத்தை வலுப்படுத்தினார்கள். மறுநாள் இரவு உண்மையான படை வடமேற்கே சரிம்பூன் கரையில் இறங்கியது. பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் தம் படைகளை நீண்ட கரை முழுவதும் பரப்பி வைத்திருந்தார். வடகிழக்கைக் காத்து நின்ற படைப்பிரிவு தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட இடத்தில் இல்லை. சாங்கியின் பெரும் பீரங்கிகளுக்கு இருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே. தரைப்படைக்கு எதிராக அவை அதிகம் உதவவில்லை.

இளவேனில், உங்கள் எதிரி கணினி அல்லர், மனிதர். அவருக்குப் பதற்றம் உண்டு. அவருடைய மறு எல்லையில் உள்ள நண்பரோடு கூட்டணி அமைத்து, அங்கிருந்து அவர் பெரிதும் மதிக்கும் ஒரு தொழிற்கோளைத் தாக்கச் சொல்லுங்கள். படை அங்கே விரைந்ததும் உங்கள் தாக்குதல் தொடங்க வேண்டும். அவர் திரும்பி வர ஆகும் நாள்களைப் பாதையின் நீளத்தை வைத்து முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கேட்வே (தொலைவான மண்டலங்களுக்கு உடனே செல்ல உதவும் வாயில்) வைத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள், இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

புக்கிட் பாத்தோக் அறிவன்:
மற்ற விளையாட்டுகளையும் ஆடுவோருக்காகச் சுருக்கமாக ஒன்று. சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் விளையாட்டுக்கு 2009-இல் வந்த என்ட்ரெஞ்ச்மென்ட் விரிவாக்கம் ஸ்டார்பேஸ்களைச் சேர்த்ததோடு, கட்டுமானங்களை உடைப்பதற்கென்றே ஓக்ரோவ் டார்பிடோ கப்பலையும் தந்தது. கோட்டை உடைக்கும் கப்பல்களைத் தனியாக வைத்து, அவற்றைக் காக்க வேறு கப்பல்களை நிறுத்துவதே அங்கே சரியான முறை.

ஸ்டெல்லாரிஸில் பலரும் கவனிக்காத பகுதி தரைப்படை. ஆயுதமற்ற போக்குவரத்துக் கப்பல்களைப் போர்க்கப்பல்களோடு சேர்த்து அனுப்பாமல், முந்தைய மண்டலத்திலேயே நிறுத்தி வையுங்கள். ஸ்டார்பேஸ் வீழ்ந்ததும் கோளைச் சுற்றி நின்று குண்டு பொழிந்து, காவல் படைகளின் பலம் குறைந்த பிறகு, எல்லாத் தரைப்படைகளையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். பகுதி பகுதியாக இறக்கினால் அவை ஒவ்வொன்றாக அழியும். கோளுக்கு ஷீல்டு உருவாக்கும் நிலையம் இருந்தால் குண்டுவீச்சின் பயன் குறையும் என்பதால் இன்னும் பெரிய தரைப்படை தேவைப்படும்.

இதற்கெல்லாம் முன்னதாக, போரை அறிவிப்பதற்கு முன்பே, அந்த மண்டலத்தின் மீது செல்வாக்கு என்ற விளையாட்டு வளத்தைச் செலவிட்டு உரிமை கோரிவிடுங்கள். நீண்ட முற்றுகையில் உங்கள் போர்ச் சோர்வும் ஏறும். சோர்வு நிறைந்து, உள்ளது உள்ளபடியே சமாதானம் என்று முடிந்தால், உரிமை கோரி முழுமையாகக் கைப்பற்றிய மண்டலங்களே உங்களுக்குக் கிடைக்கும். ஸ்டார்பேஸ் உங்கள் வசமிருந்தும் கோள் அவரிடமே இருந்தால், அது முழுமையான கைப்பற்றலாகக் கொள்ளப்படாது.