இளைஞர்களுக்குச் செய்தியில் அக்கறை இல்லையா?

குடந்தை வாசகர்:
அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்டவர்கள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் செய்தி அறிந்து வந்த பிள்ளைகள்தாம். ஒரு வாரத்துக்குள் ஜல்லிக்கட்டுச் சட்டமே நிறைவேறியது. என் கவலை வேறு. பற்றி எரியும் செய்திதான் அவர்களை எட்டுகிறது. நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று மூன்று வரி வரும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தலைப்புச் செய்திக்கு முன்பே அதைத்தான் பார்ப்பார்கள். ஜூன் 12 அன்று அணை திறந்தால்தானே குறுவை நெல் சாகுபடி? அந்த வரிகளை எந்தச் செயலி கொண்டுவந்து கொடுக்கிறது?

திருவாரூர் மாணவி:
ஐயா, நீர்மட்டத்தை என் அண்ணன் நாளிதழ் வருவதற்கு முன்பே கைப்பேசியில் பார்த்துவிடுகிறார். விடிந்தபின் வரும் தாளுக்காக அவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

முன்னாள் உதவி ஆசிரியர்:
முந்திக் கிடைப்பதா பெரிது? 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். அச்சேறும் வரி அப்படி வராது. நிருபர் எழுதியதை நாங்கள் திருப்பிக் கேட்போம், யார் சொன்னது, எங்கே நடந்தது என்று.

திருவாரூர் மாணவி:
அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் இளைஞர்களா, ஐயா? குடும்பக் குழுக்களில் பெரியவர்கள்தான் அதிகம் அனுப்புகிறார்கள். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பயந்துபோய் ஊர் திரும்பியவர்களும் உண்டு. அதைச் செய்தியாக்கியதற்காக ஒரு பெரிய இந்தி நாளிதழின் ஆசிரியர் மீதும் தமிழகக் காவல் துறை வழக்குப் பதிந்தது. அங்கே யாரும் திருப்பிக் கேட்கவில்லையே? பொய்யை அம்பலப்படுத்தியவர்களில் ஒருவர் ஆல்ட் நியூஸ் இணையதளத்தின் முகமது ஜுபைர். அதற்காகவே 2024 குடியரசு நாளில் தமிழக அரசு அவருக்கு மத நல்லிணக்கத்துக்கான கோட்டை அமீர் விருது கொடுத்தது.

குடந்தை வாசகர்:
விருது தகும். ஆனால் பொய்யைப் பார்த்த அத்தனை கைப்பேசிக்கும் மறுப்பு போய்ச் சேராது, அம்மா. நேற்று எதில் விரல் நின்றதோ அதையே இன்றும் தருவது செயலியின் வேலை. உங்கள் அண்ணனுக்கு வயல் இருக்கிறது, மேட்டூரைத் தேடிப் பார்க்கிறார். வயல் இல்லாத பிள்ளை எதற்குத் தேடுவான்? தாளை விரித்தால் தேடாத செய்தியும் கண்ணில் படும். அதே பக்கத்தில் வேலைவாய்ப்புப் பார்க்க வந்தவன் அணையையும் பார்த்துவிடுவான். அந்த வழிதான் அடைபட்டுப் போகிறது.

திருவாரூர் மாணவி:
தேடாததும் கண்ணில் பட வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதற்குத் தாள் எங்கள் கைக்கு வர வேண்டுமே? எங்கள் விடுதி வாசிப்பறையில் தமிழ் நாளிதழ்கள் வந்துகொண்டிருந்தன. சாப்பாட்டு வரிசைக்கு முன் பிரித்துப் பிரித்துப் படிப்போம். செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி வாங்கித் தரும்படி மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்கள் மாணவர்கள்தான். இன்னும் பதில் இல்லை.