சி.சி.சி. முகாமும் அதற்குப் பின் வந்த போரும்: தெரிந்தவர்கள் பகிரலாம்

பெருமந்தக் காலத்து (1930-களின் பெரும் பொருளாதாரச் சரிவு) அமெரிக்கா பற்றிப் பேசுகிறவர்கள் சி.சி.சி.யை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்பது, வேலையில்லாத வீட்டுப் பையன்களுக்கு அரசே சோறும் கூலியும் கொடுத்துக் காட்டு வேலைக்கு அனுப்பிய திட்டம். அதிபர் ரூஸ்வெல்ட் பதவியேற்றது 1933 மார்ச் 4. சட்டத்தில் கையெழுத்தானது மார்ச் 31. ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் லூரே பக்கத்துக் காட்டில் முதல் முகாம் எழும்பிவிட்டது. ஜூலைக்குள் சுமார் 1,300 முகாம்கள், இரண்டே முக்கால் லட்சம் பேர்.

இந்த வேகத்துக்குக் காரணம் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். ஆள் எடுப்பது தொழிலாளர் துறை. ஏற்றிக்கொண்டு போய், தங்கவைத்து, சோறு போடுவது ராணுவம். என்ன வேலை, எங்கே என்று சொல்வது வேளாண் துறையும் உள்துறையும் (அங்கே அது அரசு நிலங்களைக் கவனிக்கும் துறை). ஆகவே ஒரே பையனுக்கு இரண்டு மேலாளர்கள். முகாமுக்குள் ராணுவத்தின் ரிசர்வ் அதிகாரி. லாரி ஏறி வேலையிடம் போனதும் காட்டுத்துறை மேஸ்திரி. ஒரு முகாமில் ஏறக்குறைய 200 பேர், வாரம் 40 மணி நேர வேலை, ஆறு மாத ஒப்பந்தம். முதலில் 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத பையன்களைத்தான் எடுத்தார்கள். ஆரம்பத்தில் கொடுத்த உடுப்பு முதல் உலகப்போரில் மிஞ்சியது.

ராணுவம் நடத்தினாலும் ராணுவச் சட்டம் அங்கே செல்லாது. துப்பாக்கிப் பயிற்சியும் கிடையாது. சொன்ன பேச்சு கேட்காதவனுக்குச் சின்ன அபராதம், சமையற்கட்டு வேலை, வெளியே போகத் தடை. அதற்கும் மசியாவிட்டால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

*

மரம் நடுவதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் முகாம்களின் பெரிய வேலைகளில் அது ஒன்று. ஒன்பது ஆண்டில் நட்ட மரங்கள் நூறு கோடிகளில் எண்ண வேண்டியவை.

இருவர் ஒரு ஜோடி. ஒருவன் கொத்தால் குழி போடுவான், மற்றவன் நாற்றுப் பையோடு பின்னால் வருவான். நாற்றின் வேர் வெயிலிலும் காற்றிலும் சில நிமிடம் இருந்தாலே மெல்லிய வேர்நுனி கருகிவிடும். அதனால் நாற்றுகளை ஈரப் பாசியிலோ ஈரச் சாக்கிலோ பொதிந்து வைத்து, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் கடைசி நாற்று கைக்கு வரும்போதே பாதி செத்திருக்கும்.

குழி ஆழம் போதாவிட்டால் வேர் அடியில் மடங்கித் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளையும். முதல் வருடம் எதுவும் தெரியாது, கன்று பச்சையாகவே நிற்கும். முதல் கடுங்கோடையில் ஈரம் கீழே இறங்கும், வேர் அதைத் தொடர்ந்து போக முடியாது, கன்று காய்ந்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் பெருங்காற்றில் சாயும். அதற்கு வழி, நாற்றைக் கொஞ்சம் கூடுதல் ஆழத்தில் இறக்கி, மெல்ல மேலே இழுத்து வேரை நேராக்கிவிட்டு மண் தள்ளுவது. உள்ளே போகும் மண்ணில் சருகு இருக்கக் கூடாது, இருந்தால் காற்றுப்பை விழும். கடைசியில் குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். இரண்டு மூன்று ஊசியிலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் இலை அறுந்து வர வேண்டும். கன்று அசைந்தால் மறுபடி நட வேண்டியதுதான்.

ஆறடிக்கு ஆறடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. எட்டுக்கு எட்டு என்றால் 680.

*

மேலே நடவு பற்றி எழுதியவருக்கு நன்றி. மண் அரிப்பு முகாம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தடுப்பணை கட்டினார்கள், கல்லாலும் கட்டையாலும். அணை நடுவில் உடைவது அரிது. பக்கவாட்டில் தண்ணீர் கரையைக் குடைந்துகொண்டு வெளியேறும். அணை அப்படியே நிற்கும், ஓடை வேறு வழியில் போய்விடும். அதனால் இரு ஓரத்தையும் கரைக்குள் நன்றாகப் புதைத்து, நடுப்பகுதியை ஓரங்களைவிடத் தாழ்வாக விட வேண்டும். விழும் தண்ணீர் அடிமண்ணைப் பறிக்காதபடி கீழே கல் பாவ வேண்டும். அடுத்த அணையின் நடுமட்டம் மேலணையின் அடிமட்டத்துக்குச் சமமாக வந்தால் இடைவெளி சரி.

*

இதெல்லாம் பூங்கா வேலை போலத் தோன்றலாம். காட்டுத்தீ அணைக்கப் போனதும் இதே பையன்கள்தான். 1937 ஆகஸ்ட் 21, வயோமிங்கில் ஷோஷோனி காட்டின் பிளாக்வாட்டர் தீ. 15 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சி.சி.சி. இளைஞர்கள். தீக்கோடு வெட்டுவது என்றால் சருகு, வேர், மட்கு எல்லாவற்றையும் வழித்து வெறும் மண் தெரிய வைப்பது. ஆனால் காற்று திரும்பினால் பொறி கோட்டைத் தாண்டிப் பின்னால் விழும்; வெட்டுகிறவன் இரண்டு தீக்கு நடுவில் நிற்பான். அங்கே நடந்தது அதுதான். அவர்களை வெறும் மரம் நட்டவர்கள் என்று எழுதும்போது இந்த 15 பேரையும் நினைக்க வேண்டும்.

*

கூலிக் கணக்கைத் தெளிவாக வைப்போம். மாதம் 30 டாலர். அதில் 25 நேரே வீட்டுக்குப் போகும், பையன் கையில் 5. குழுத் தலைவனுக்கு 45, உதவித் தலைவனுக்கு 36.

இப்போது படைக்கு வருவோம். கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது 1940 செப்டம்பர் 16. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு அப்போது மாதம் 21 டாலர்தான். காட்டில் குழி வெட்டியதற்குக் கிடைத்ததைவிடக் குறைவு! 1942 ஜூனில்தான் 50 டாலராக உயர்த்தினார்கள். அதே மாதம் குடும்பப்படிச் சட்டமும் வந்தது: மனைவிக்கு மாதம் 50 டாலர், அதில் 22 சிப்பாயின் சம்பளத்தில் பிடித்தம், 28 அரசின் பங்கு. சம்பளத்தில் கணிசமான பகுதி தன் கைக்கு வராமல் வீட்டுக்குப் போவது முகாம் பையன்களுக்குப் புதிதல்ல. சி.சி.சி. அந்த 1942 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது.

சிலர் இதை மறைமுகப் படைப்பயிற்சி என்கிறார்கள். அது தவறு. படை உண்மையில் பெற்றது வேறு. 200 பேரோடு ஒரே கூரையில் உறங்கி, மணியடித்ததும் எழுந்து, கருவியைத் துடைத்து வைக்கப் பழகியவர்கள் கிடைத்தார்கள். லாரி ஓட்டுநர், சமையல்காரர், புல்டோசர் இயக்குபவர், தச்சர் கிடைத்தார்கள். அதிகாரிகளுக்கும் இதில் பாடம் இருந்தது. பின்னாளில் தலைமைத் தளபதியான ஜார்ஜ் மார்ஷல் வாஷிங்டன் மாநிலத்தில் வான்கூவர் பாரக்ஸ் ராணுவத் தளத்தில் இருந்தபோது அந்த வட்டாரத்து முகாம்களைக் கவனித்தவர். அதிகாரத்தால் மிரட்ட முடியாத பையன்களை வேலை வாங்குவது எப்படி என்பதை அங்கே கற்க வேண்டியிருந்தது.

*

போர்க்காலத்தில் இதே வகை வேலை எங்கே தேவைப்பட்டது என்றால், கனடா வழியாக அலாஸ்காவுக்குப் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை. 1942 மார்ச்சில் தொடங்கி அக்டோபர் கடைசியில் வழி திறந்தது, ஏறக்குறைய 1,500 மைல், ராணுவப் பொறியாளர் படைப்பிரிவுகள் ஏழு.

அங்கே பெரிய தவறு ஒன்று நடந்தது. வழக்கம்போல புல்டோசரால் மேலே இருந்த பாசியையும் மண்ணையும் வழித்தார்கள். ஆனால் கீழே இருந்தது நிரந்தரமாக உறைந்த நிலம். பாசிதான் அதற்குப் போர்வை. போர்வையை எடுத்ததும் வெயில் பட்டு உருகிச் சேறானது, வண்டிகள் புதைந்தன. பிறகு முறையை மாற்றினார்கள். பாசியைத் தொடாமல், மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் சரளை கொட்டினார்கள்.

ஏழு பிரிவுகளில் 93, 95, 97 மூன்றும் கறுப்பினச் சிப்பாய்களுடையவை. சி.சி.சி.யிலும் 1935-க்குப் பிறகு கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில்தான் வைத்தார்கள். சட்டத்தில் இனப் பாகுபாடு கூடாது என்ற வாசகம் இருந்தும் இப்படி. இதைச் சொல்லாமல் முகாம்களைப் புகழ்வது சரியில்லை.

*

குடும்ப ஆவணம் தேடுகிறவர்களுக்கு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. அதனால் இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாயைத் தேடினால் பெரும்பாலும் விடுவிப்புத் தாள் மட்டும் வீட்டிலிருந்து கிடைக்கும்.

அதில் முதலில் படை எண்ணைப் பாருங்கள். எட்டு இலக்க எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் தானே சேர்ந்தவர், 2 என்றால் தேசியக் காவல்படை வழி வந்தவர், 3 என்றால் கட்டாயச் சேர்ப்பு. அடுத்து தொழில் எண், அதாவது படையில் செய்த வேலையின் குறியீடு: 745 துப்பாக்கி வீரர், 060 சமையல்காரர், 345 இலகுரக லாரி ஓட்டுநர், 050 தச்சர். தகுதிப் புள்ளி (யார் முதலில் வீடு திரும்பலாம் என்பதற்கான கணக்கு) எழுதியிருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: சேவை மாதத்துக்கு 1, கடல் கடந்த மாதத்துக்குக் கூடுதலாக 1, போர் நட்சத்திரத்துக்கோ பதக்கத்துக்கோ 5, பிள்ளைக்கு 12 (மூன்று பிள்ளை வரை). 1945 மே மாதம் வீடு திரும்ப 85 புள்ளி வேண்டியிருந்தது.

சி.சி.சி. கோப்புகளும் இப்போது அதே செயின்ட் லூயிஸில்தான் இருக்கின்றன, ஆனால் அந்தத் தீயில் சிக்கவில்லை. ஆகவே படைக்கோப்பு எரிந்துபோயிருந்தாலும் முகாம் கோப்பைத் தனியாகக் கேளுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, எந்த மாநில முகாம் என்பதை எழுதுங்கள். முகாமின் கம்பெனி எண் (அந்த 200 பேர் குழுவின் எண்) தெரிந்தால் தேடுவது எளிது. பெற்றோர் பெயர், உயரம், எடை, செய்த வேலை, வீட்டுக்குப் பணம் யார் பெயரில் போனது எல்லாம் அதில் இருக்கும்.