பலகை செத்துவிட்டதென்று நினைத்த நேரம்

மல்லாவியான்:
அர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்து, வெரோபோர்ட் என்ற துளைப்பலகையில் அதேபோல் ஒன்று கட்டினேன். கிணற்றில் நீர் இறங்கியதும் மோட்டரை நிறுத்த வேண்டும், தேவை அவ்வளவுதான். அதன் மூளையான ஏ.டி.மெகா 328பி சிப் மூன்று கையில் இருந்தன. நண்பனின் ஊனோவை ஐ.எஸ்.பி. (சிப்புக்குள் செய்நிரல் ஏற்றும் கருவி) ஆக்கி, எல்.ஈ.டி.யை விநாடிக்கு ஒருமுறை மாற்றும் செய்நிரலை நேரே ஏற்றினேன். முதல் சிப்பில் விளக்கு எரிந்தபடியே நின்றது. இரண்டாவதில் எரியவே இல்லை. இரண்டையும் யன்னலால் வாழைக்குள் எறிந்தேன்.

மூன்றாவதைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. பலகை மூன்று சிறிய பற்றரிகளில் கிடந்தது. இருட்டுக்குள் இருந்து அப்பம்மா, "தம்பி, உன் சாமான் மூச்சு விடுகிறது" என்றார். எண்ணிப் பார்த்தேன். 16 விநாடி எரிந்தது, 16 விநாடி அணைந்தது.

புதுச் சிப் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். கடிகாரத் துடிப்புக்காக நான் பக்கத்தில் வைத்த 16 மெகாஹெர்ட்ஸ் பளிங்கை அது திரும்பியும் பார்க்கவில்லை. செய்நிரலோ 16க்கு ஆனது, அதனால் ஒரு விநாடி 16 விநாடி ஆகிவிட்டது. முதலில் பூட்லோடரை (செய்நிரலை வாங்கி ஏற்றும் சிறு நிரல்) சிப்பில் பதித்திருந்தால், எந்தக் கடிகாரம் என்று சொல்லும் ஃபியூஸ் அமைப்பும் மாறியிருக்கும். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். எறிந்த இரண்டும் என்ன பாவம் செய்தன?

சேரின் மாணவன், கிளிநொச்சி:
உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு, கண்காட்சிக்கு முதல் நாள். செய்நிரல் ஏற்றும்போதெல்லாம் "நொட் இன் சிங்க்", அதாவது கணினியும் சிப்பும் ஒத்துப்போகவில்லை. கம்பியை மாற்றினோம், பலகையை யூ.எஸ்.பி.யில் இணைக்கும் சி.எச்.340 தொகுதியையும் மாற்றினோம், பலனில்லை. சேர் வந்து ரீசெட் பொத்தானைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். திரையில் "அப்லோடிங்" என்று விழுந்த கணத்தில் விரலை எடுத்தார். ஏறிவிட்டது! அன்று முழுவதும் ஒரு வரி மாற்றினாலும் "சேர், விரல்" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

ஏற்றும் கணத்தில் சிப்பைத் தானாக ரீசெட் செய்வது அந்தத் தொகுதியின் டி.டி.ஆர். முனை. அதற்கும் ரீசெட்டுக்கும் இடையில் 100 நனோபரட் கொள்ளளவி (கப்பாசிற்றர்) வர வேண்டும். அதில் 104 என்று எழுதியிருக்கும். பளிங்குக்கு வாங்கிய, மிகச் சிறிய 22 பிகோபரட்டில் மிஞ்சிய ஒன்றை நான் அந்த இடத்தில் பற்றாசு வைத்திருந்தேன். கண்காட்சி முடிந்த பிறகே கண்டேன். சேரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் அதைத் தன் விரலின் வித்தை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்.

பரந்தன் பற்றாசு:
மல்லாவித் தம்பி, அப்பம்மாவின் பொறுமையில் பாதி உமக்கு இருந்திருந்தால் சிப் மிஞ்சியிருக்கும். வெரோபோர்டில் கட்டியதே முதல் பிழை. என் கதை சிறியது. உழவு இயந்திரத்தின் 12 வோல்ட் பற்றரியை, 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ஊடாகக் கொடுத்தேன், தொட்டுப் பார்த்தேன், விரலில் கொப்புளம்.

ஆனால் இவற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிப்பின் 7ஆம் காலுக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு 20ஆம் காலை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் கொடுங்கள். தரை 8இலும் 22இலும் இருக்கிறது, இரண்டையும் கட்டுங்கள். மின் வரும் கால்களை ஒட்டி 100 நனோபரட் கொள்ளளவி வையுங்கள், நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் வைக்காததற்குச் சமம். ரீசெட் காலான 1ஆம் காலை 10 கிலோ ஓம் தடையியால் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டாவிட்டால், கை கிட்டப் போனாலே பலகை ரீசெட் ஆகிவிடலாம். பளிங்கு 9, 10ஆம் கால்களின் வாசலில் இருக்க வேண்டும். 7805இன் உள்வாயிலில் குறைந்தது 7 வோல்ட் வேண்டும், அதற்காக 12ஐக் கொடுத்துவிட்டு என்னைப்போல் தொட்டும் பார்க்காதீர்கள். பலகை செய்யச் செப்புத் தகட்டை அரிப்பவர்கள் மிஞ்சிய ஃபெரிக் குளோரைட்டைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்த செம்பு இருக்கிறது. குடிப்பதும் அதே கிணற்றில்தான்.

ஒட்டுசுட்டான் தமையன்:
பரந்தன் அண்ணை, மல்லாவியான் எழுதியது ஃபியூஸைப் பற்றி. வெரோபோர்ட் அதில் என்ன செய்தது? என் பலகையும் வெரோபோர்ட்தான், நன்றாகவே ஓடுகிறது.

எனக்கு நேர்ந்தது வேறு. சிப்பின் அடையாள எண் பொருந்தவில்லை என்று, செய்நிரல் ஏற்றும் ஏவிஆர்டியூட் மென்பொருள் மறுத்துக்கொண்டே இருந்தது. அரை நாள் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். தங்கை வந்தாள், கைவிளக்கைச் சரித்துப் பிடித்துச் சிப்பின் முதுகை வாசித்தாள். "அண்ணா, 328க்குப் பிறகு பி இல்லையே." பி உள்ளதன் எண் 0எஃப் என்று முடியும், இல்லாததன் எண் 14 என்று முடியும். கடைக்காரரிடம் பி என்று அழுத்திச் சொல்லித்தான் வாங்கினேன். தங்கை இப்போது என் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து தருகிறாள், கேட்காமலே.

மல்லாவியான்:
பரந்தன் அண்ணை, 20ஆம் காலுக்கும் கொடுத்துத்தான் இருந்தேன்.

நேற்று மழைக்குப் பிறகு வாழைக்குள் தேடினேன். ஒன்று கிடைத்தது. சேறு, கால்களில் பச்சை. சுரண்டும்போது 9ஆம் கால் கையோடு வந்துவிட்டது. பளிங்கு இல்லாமலும் ஓடுமே என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: செருகினேன், ஓடுகிறது. 16 விநாடி எரிகிறது, 16 விநாடி அணைகிறது. மற்றதை அப்பம்மா தேடுகிறார்.