ஹேட்சிங்குக்கு 'கீற்று'ன்னு வெச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். எந்திர வரைபடத்துல வரிசையா சாய்கோடு போடற ஹேட்சிங்குக்குத் தமிழ்ல 'நிழலிடல்'னு வைக்கலாம்னு மேல அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்காரு, எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. நிழல்ங்கறது வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுதுன்னு காட்டறது. ஹேட்சிங் அதுக்கு இல்ல. ஒரு பாகத்தை நடுவுல அறுத்தா உள்ள எப்படி இருக்கும்னு செக்‌ஷன் வரையறோம் இல்லியா, அதுல ரம்பம் பட்ட இடம் எது, வெறும் ஓட்டை எதுன்னு பிரிச்சுக் காட்டத்தான் அந்தச் சாய்கோடு.

கிளாஸ் எடுக்கறப்போ ஒரு பையன் ரெண்டு ஷாஃப்ட்டை (சுழல்ற தண்டை) ஃபிளாஞ்ச்ங்கற ரெண்டு வட்டத் தட்டால இணைக்கற ஃபிளாஞ்ச் கப்ளிங் செக்‌ஷன் போட்டான், ஷாஃப்ட், கீ (ஷாஃப்ட்டையும் ஃபிளாஞ்சையும் சேர்த்துப் பூட்டற சின்னக் கட்டை), போல்ட்னு ஒண்ணு விடாம கோடு இழுத்துட்டான். இதெல்லாம் நீளவாக்குல வெட்டுப்பட்டாலும் கோடு போடாம அப்படியே விடணும்ங்கறதுதான் வழக்கம், உள்ள காட்ட ஒண்ணும் இல்லியே. அதோட ரெண்டு ஃபிளாஞ்சுக்கும் கோட்டை ஒரே பக்கமா சாய்ச்சிருந்தான், பார்த்தா ரெண்டும் ஒரே வார்ப்பு மாதிரி தெரிஞ்சுது. ஒட்டி இருக்கற பாகம்னா ஒண்ணு வலப்பக்கம் சாஞ்சா இன்னொண்ணு இடப்பக்கம் சாயணும். அவன் மேல தப்பு இல்ல, அவன் மனசுல அது அழகுக்குப் போடற ஷேடிங். 'நிழலிடல்'னு பேர் வெச்சா அந்தக் குழப்பத்துக்கு நாமே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

நான் சொல்றது 'கீற்று'. கீறுங்கற வினையிலேர்ந்து வந்த சொல். நெத்தியில விபூதிக் கீற்றுன்னா கோடு, மாங்காய்க் கீற்று பூசணிக் கீற்றுன்னா அறுத்த துண்டு. கோடும் வெட்டும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு, இதைவிட வேற என்ன வேணும்? தென்னங்கீற்றோட குழம்புமேன்னா, வரைபடத்துல யாரும் கூரை வேயப் போறதில்ல. கீற்றிடு, கீற்று இடைவெளி, குறுக்குக் கீற்றுன்னு மத்ததும் தடங்கல் இல்லாம வந்துடுது.

இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர்ல படம் வரையற ஆட்டோகேட் மென்பொருள்ல ஹேட்ச் ஆங்கிள்னு இருக்கறதை 'கீற்றுக் கோணம்'னு எழுதிடாதீங்க. அன்சி 31ங்கற ரெடிமேட் சாய்கோட்டு பேட்டர்ன்ல 45 டிகிரி சாய்வு ஏற்கனவே உள்ளயே இருக்கு, ஆங்கிள் பெட்டியில 0ன்னு இருந்தாலும் கோடு 45லதான் வரும். புதுசா வர்றவங்க 45தானே வேணும்னு 45ன்னு தட்டுவாங்க, கோடு நட்டுக்குத்தலா நின்னுடும். ஒட்டின பாகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்க்கணும்னா 90 குடுக்கணும். அந்த எண்ணு பேட்டர்னை எவ்வளவு திருப்பறோம்ங்கறதுதான், அதனால 'கீற்றுத் திருப்பம்'னு வெச்சா சொல்லைப் பார்த்ததுமே விளங்கிடும்.

ஒரு இடத்துலதான் எனக்கே இடிக்குது. கேஸ்கெட் (கசிவு வராம இருக்க ரெண்டு பாகத்துக்கு நடுவுல வைக்கற மெல்லிய அட்டை), தகடு மாதிரி மெல்லிசானதுக்குக் கோடு போட இடம் இருக்காது, முழுக்கக் கறுப்பா நிரப்பிடுவோம். ஆட்டோகேட் அதையும் சாலிட்னு ஹேட்ச் கமாண்டுக்குள்ளயே வெச்சிருக்கு, ஆனா அதுல கோடே இல்லாதப்போ கீற்றுன்னு எப்படிச் சொல்றது? 'நிரப்பு'ன்னு தனியா வெச்சுக்கலாம்னு நினைக்கறேன், இதைவிட நல்லதா யாருக்காவது தோணினா சொல்லுங்க.